வாளி உள்ள ஹோட்டல்

ஜனவரி 5, திங்கள்

அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. என் மகன் ஹரியின் பெயருக்கு முன்னால் 'திருநிறைச்செல்வன்' என்று போட்டிருக்கிறார்கள். நேற்றுவரை ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டவனுக்கு இந்தப் பட்டம். படித்துப் படித்துச் சிரித்தேன். கல்யாணம் மாசி பத்தாம் தேதி, பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை.

சென்னையில் மட்டும் பதினோரு வீடு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். யார் வீட்டில் தங்குவது என்பதில்தான் சிக்கல். ஒரு வீட்டில் தங்கினால் மற்றப் பத்து வீடும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் நானும் இவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். ஹோட்டலில் தங்கப் போகிறோம்! எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இதுவரை ஒரு ஹோட்டலிலும் தங்கியதில்லை. மத்தியானத்திலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் உண்டு. கோமதி அக்கா, மேற்கு மாம்பலம். அவளுக்குத் தபாலில் அனுப்பினால் போதும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தபாலில்தான் அனுப்பினாள். கூடப்பிறந்த தங்கைக்கு! அதுவும் நான் போஸ்ட்மாஸ்டராக உட்கார்ந்திருக்கும் ஆபீசுக்கு. தபால் பையைக் கவிழ்த்தால் முதல் கவராக அது விழுகிறது, என் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அதை எழுதி இந்த நோட்டை வீணாக்கப் போவதில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

புனேயிலிருந்து ஹரி நாற்பது ஹோட்டல்களின் படங்களை அனுப்பியிருக்கிறான். கீழே தங்கிப்போனவர்கள் எழுதிய அபிப்பிராயங்கள். ஒருவர், 'அறை காற்றோட்டமாக இருந்தது' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அதே அறைக்கு அடுத்தவர், 'ஜன்னலுக்குக் கதவே இல்லை' என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். யாரை நம்புவது?

ஒரு படத்தில் கட்டிலின்மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பறவைகள், மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு. அதைப் பிரித்து முதுகு துடைக்க யாருக்கு மனசு வரும்? அந்த ஹோட்டலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது: லிப்ட், வெந்நீர், ஜன்னல், வாளி, மக். முக்கியம் வாளி. எனக்கு ஷவர் ஆகாது. தலையில் தண்ணீர் கொட்டினால் மூச்சு முட்டும். ஆறு வயதில் குற்றாலத்தில் அருவிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கண் செருகிப் போனேன். ஒருத்தி உள்ளே புகுந்து சடையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். யார் என்பது இங்கே தேவையில்லை.

ஜனவரி 8, வியாழன்

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஆறு ஹோட்டல்களுக்குப் போன் போட்டேன்.

"மேடம், பாத்ரூம்ல ஷவர் இருக்கு. ஹேண்ட் ஷவரும் இருக்கு."

"ஷவர் இருக்கட்டும் தம்பி. வாளி இருக்கா?"

"மேடம்?"

"வாளிப்பா, வாளி. பக்கெட்டு."

"கேட்டா கொடுப்போம் மேடம்."

கேட்டால்தான் கொடுப்பார்களாம். விருந்தாளி வாளி கேட்கும்வரை காத்திருப்பது ஒரு ஹோட்டலா?

ஜனவரி 10, சனி

இவர் ரயில்வேயில் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு எழுத்துப் பிசகினாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வயதைத் தப்பாக எழுதிய சொந்த மாமனாரையே மறுபடி வரிசையில் நிற்க வைத்த மனுஷன். இன்று என் நோட்டை வாங்கி அந்தக் கண்ணோடு பார்த்தார்.

"செம்பகம், நீ டிக் அடிச்சிருக்க அஞ்சு ஹோட்டலும் மேற்கு மாம்பலத்துலதான இருக்கு?"

"அதுதாங்க நடு. எங்க போறதுக்கும் தோது."

"பதினோரு வீட்டுல எட்டு வீடு தாம்பரத்துக்கு அங்கிட்டு இருக்கு. பொறவு எப்படி மாம்பலம் நடுவாகும்?"

அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது. போய்விட்டேன். உண்மையிலேயே மூன்றாவது விசில்தான்.

ஜனவரி 12, திங்கள்

அக்காவுக்கு அனுப்ப வேண்டிய கவரில் விலாசம் எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்ட மறந்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

இன்றும் மறந்துவிட்டது. ஆபீசில் பொங்கல் பார்சல் கூட்டம்.

ஜனவரி 14, புதன்

போகி. கிழிந்த பாய் இரண்டு, பிடி உடைந்த குடை மூன்று வெளியே போயின. அக்காவுக்கான பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்தேன். தபாலில் போவதாக இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஜனவரி 16, வெள்ளி

கடைசியில் கனகவேல் ரெசிடென்சி என்று முடிவு செய்தேன். மூன்றாம் மாடி, லிப்ட் உண்டு, வாளி கேட்காமலே உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஒரு பிள்ளையார் கோவில் தெரியும் என்று போனில் சொன்னார்கள். எந்தப் பிள்ளையார் கோவில் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் நான் பலமுறை நடந்திருக்கிறேன், முன்னால்.

"ரிசர்வேசன் என் டிபார்ட்மெண்டு. நீ சும்மா இரு" என்று இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"கனகவேல் ஃபுல்லு. அதே ஏரியாவுல ஹோட்டல் பவழமல்லின்னு ஒண்ணு. அதுல சொல்லிட்டேன்."

"நல்ல ஹோட்டலா?"

"மாம்பலத்துலயே அது மாதிரி ஹோட்டல் கிடையாதுங்காக."

"சுத்தமா இருக்குமா?"

"இலை மாதிரி சுத்தம்."

"வாளி?"

"வாளிக்குக் குறைச்சலே இல்லையாம். வரிசையா வச்சிருப்பாகளாம்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "காலைல ஆறு மணிக்கே திறந்துருவாக" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தங்குகிற ஹோட்டலை ராத்திரி எதற்கு மூட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பட்டணத்தில் பாதுகாப்புக்காக இருக்கும்.

ஜனவரி 19, திங்கள்

தபால்தலை ஒட்டவில்லை. இன்று எனக்கு நல்ல ஜலதோஷம்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று சாயங்காலம் வண்டி. பதினோரு பத்திரிகையோடு ஒன்று கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன், வழியில் யாராவது தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் கொடுக்கலாம் என்று. மஞ்சள் தடவிய அதுதான் மேலாக இருந்ததால் அதை எடுத்தேன். அரக்குக் கலர் சுங்குடிப் புடவை ஒன்றும் பெட்டியில் இடம் இருந்ததால் வைத்தேன். எனக்கு அரக்குக் கலர் பிடிக்காது.

இவர் ஒரு கட்டு சாத்தூர் சேவு தனியாக வாங்கி வந்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டதற்கு, "சேவுக்கு ஆளா கிடைக்காது?" என்கிறார்.

ஜனவரி 24, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலை ஆறரைக்கு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினோம். ஆட்டோக்காரரிடம் ஹோட்டல் பவழமல்லி என்று சொன்னதுமே, "அங்க பொங்கல் சூப்பரா இருக்கும் சார்" என்றார். வண்டி நின்றதும் அண்ணாந்து பார்த்தேன். 'ஹோட்டல் பவழமல்லி. உயர்தர சைவ உணவகம்.' மேலே மாடியே இல்லை. உள்ளே ஐம்பது பேர் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக எவர்சில்வர் சாம்பார் வாளிகள் வரிசையாக இருந்தன. குறைச்சலே இல்லை.

நான் பெட்டியும் பையுமாக நடுவில் நின்றேன்.

"ரூம் சாவி?" என்றேன் கல்லாவில் இருந்தவரிடம்.

"ரூமா? இது ஹோட்டல்மா."

"ஹோட்டல்தான். நாங்க புக் பண்ணியிருக்கோம். கோவில்பட்டி நெல்லையப்பன்."

அவர் ஒரு நீள நோட்டைப் புரட்டினார். "பேர் இருக்கு. ஆனா டேபிள்தான் சொல்லியிருக்கீங்க. அதுவும் இன்னிக்கு இல்லையே..." என்று தொடங்கியவரின் நோட்டின் மேல் இவர் தன் கண்ணாடிக்கூட்டை வைத்து, "சரி சரி, தப்பு என் மேலதான் அண்ணாச்சி" என்று அமர்த்திவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஊரு பூரா ஹோட்டல்னா சாப்பாட்டுக் கடைதான்னு ஆறு வயசுப் புள்ளைக்கும் தெரியுமே! முப்பது வருசமா ஊருக்கெல்லாம் பெர்த்து போட்டுக் குடுத்தீகளே, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கட்டில் பாக்கத் தெரியலையா?"

"நீ நோட்டுல நாற்பது எடத்துல ஹோட்டல் ஹோட்டல்னுதான எழுதியிருந்த? லாட்ஜுன்னு எழுதியிருந்தா லாட்ஜு பாத்திருப்பேன்" என்றார். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரல்.

அங்கேயே நின்று கனகவேலுக்குப் போன் போட்டேன். தை முகூர்த்தமும் குடியரசு தின விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் ஒரு அறைகூட இல்லை. டிக் அடித்த மற்ற நாலிலும் இல்லை. திரும்பிப் பார்த்தால் இவர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறார். எதிரே எனக்கும் ஒரு தட்டு.

"சாப்புடு செம்பகம். பொறவு கோமதி மதினி வீட்டுக்குப் போவோம். அடுத்த தெருதான."

"ஸ்டேசன் பெஞ்சுல படுத்தாலும் படுப்பேன். அங்க வரமாட்டேன்."

"சரி, ஸ்டேசனுக்கே போவோம். எனக்கு ஸ்டேசன் பழகினதுதான்" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

பொங்கல் நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தேன். ஸ்டேஷனுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் இடப்பக்கம் திரும்பினேன். இவர் பின்னால் வந்தார். பிள்ளையார் கோவில், மாவு மில், இஸ்திரி வண்டி, பச்சைக் கேட். மணியை அடித்துவிட்டுப் பயந்துபோனேன். வாங்க மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டால் பெட்டியோடு நான் எங்கே போவேன்? தட்டுகூடக் கையில் இல்லை. அவசரமாகப் பத்திரிகையை எடுத்து, இவர் வாங்கிய சேவு பொட்டலத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காதான் திறந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. மூக்குத்தி மட்டும் அதே மூக்குத்தி. என்னைப் பார்த்தாள், சேவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ஏட்டி, பத்திரிகை வைக்க வந்தியா, தங்க வந்தியா?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

வாசலிலேயே அழுதேன். அக்காவும் அழுதாள். எனக்கு அவள் மேல் எவ்வளவு ஆசை என்பது அவள் தோளில் மூஞ்சியை வைத்த பிறகுதான் தெரிந்தது. தெரியாமல் இல்லை. இத்தனை நாள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இஸ்திரிக்காரர் தேய்க்கிற பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காபி குடித்த பிறகு அக்கா பூஜை அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"ஒங்க ஆபீஸ் கடுதாசி. திருப்பி வந்தது வந்தபடியே இருக்கு. பிரிக்கல."

பார்த்தேன். மேலே சிவப்பு மையில் என் கையெழுத்து. 'வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்புக.' பக்கத்தில் என் ஆபீஸ் வட்ட முத்திரை, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியோடு பளிச்சென்று இருந்தது. நான் குத்திய முத்திரைகளிலேயே இவ்வளவு அழுத்தமானது வேறு இருக்காது.

"தபால்ல அனுப்புனியேக்கா..." என்றேன்.

"இப்பவாவது பிரிச்சுப் படிட்டி."

பிரித்தேன். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. உள்ளே நோட்டுத் தாளில் அக்காவின் கோணல் எழுத்து:

'செம்பகத்துக்கு. நேர்ல வந்து வைக்க முடியல, கோவிச்சுக்காத. அத்தான் மாடிப்படியில விழுந்து கால்ல கட்டு. தனியா விட்டுட்டு வர முடியல. ஒன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புறேன், அதான் சீக்கிரம் ஒன் கையில சேரும். நீ பத்து நாள் முன்னாலயே வந்துரு. கல்யாண வீட்டுல கூட்டமா இருக்கும்னு ஹோட்டல்ல ரூம் கீம் போட்டுராத. இங்க ஷவர் வச்ச பாத்ரூம், ஒனக்கு ஆகாது. ஒனக்குன்னு ஒரு வாளி வாங்கி வச்சிருக்கேன்.'

நான் எழுந்து குளியலறைக்குப் போனேன். ஷவருக்குக் கீழே சிவப்பு வாளி ஒன்று இருந்தது. வெயில் பட்டு ஒருபக்கம் வெளுத்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை அழுதேன். பிறகு அந்த வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தேன்.

மத்தியானம் அக்கா மகளின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தோம். ஐந்தாம் பக்கத்தில் பந்தி. மூன்றாவது இலையில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர்.

"இது யாருங்க?" என்றேன் இவரிடம்.

"ஏன், நாந்தான்."

"அந்த வாரம் திருச்சியில ரயில்வே டிரெயினிங்னு போனீகளே?"

"டிரெயினிங்கும் நடந்துச்சு. அது முடிஞ்சு ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு" என்றார், அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். இவர்கள் இரண்டு பேரும் மாதம் தவறாமல் போனில் பேசிக்கொள்வார்களாம். அதுவும் இன்றுதான் தெரிகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் வேளச்சேரியில் இரண்டு வீடு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீடு. அக்காவும் கூட வந்தாள், தட்டைப் பிடித்துக்கொண்டு. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கோமதி அக்கா வீட்டில் என்றேன். ஒருவருடைய முகமும் சுண்டவில்லை. வேளச்சேரிச் சித்தி மட்டும், "அப்பாடி, இனி ரெண்டு பேர்ட்டயும் தனித்தனியா நியாயம் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே காபி போடப் போனாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எங்கள் மூன்று பேரையும் இவர் ஹோட்டல் பவழமல்லிக்கு அழைத்துப் போனார். வாசலில் பெரிய வரிசை. கல்லாக்காரர் எங்களைப் பார்த்ததும், "வாங்க சார், உங்க டேபிள் ரெடி" என்றார். இன்று கண்ணாடிக்கூடு எதுவும் நோட்டை மறைக்கவில்லை. நானே எட்டிப் பார்த்தேன்.

'25 ஞாயிறு மதியம். கோவில்பட்டி நெல்லையப்பன். 4 பேர். ஜன்னல் ஓரம்.' பக்கத்தில், சொன்ன தேதி: ஜனவரி 16.

நாலு பேர். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, நான் தபால்தலை ஒட்டாமல் கவரைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த அந்த வாரத்தில், இந்த மனுஷன் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். கனகவேல் அன்றைக்கு நிறைந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை.

நான் உள்ளே போனபோது இவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசத்துல ஒரு தடவகூடத் தப்பா புக் பண்ணதில்லையோ?" என்றேன்.

"ஒரு தடவகூட இல்ல" என்றார், நிமிராமலே. பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த அம்மாவுக்கு வாளியோட சாம்பார் கொண்டாங்க" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறி, அத்தான் அவள் தலையைத் தட்ட வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 28, புதன்

ஊர் வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு வீட்டுக்கும் வைத்தாகிவிட்டது. அக்காவுக்கு அரக்குக் கலர் பொருத்தமாக இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும்.

விலாசம் எழுதிய வெறும் கவரை ஆபீஸ் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். "ஏட்டி, ஒங்க ஊருல நல்ல ஹோட்டல் எதும் இருக்கா?"

என்ன தப்பு செய்தோம், போனில் ஏதாவது வாய் தவறிச் சொல்லிவிட்டேனா?

"எதுக்குக்கா ஹோட்டலு? இங்க நம்ம வீடு இல்லையா? ஒனக்கும் அத்தானுக்கும் முன்ரூம ஒழிச்சு வச்சிருக்கேன்..."

"சாப்புடத்தான்டி கேட்டேன். பத்து நாளும் ஒன் கைச்சமையலையா திங்க முடியும்?"

அடிப்பாவி.

பிப்ரவரி 11, புதன்

நாளைக் காலை அக்கா வருகிறாள். சாயங்காலம் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் நீலம்தான் இருந்தது. நாலாவது கடையில் சிவப்பு வாளி கிடைத்தது.